எந்தச் சண்டை?

15 ஆகஸ்ட் 2010, ஞாயிறு

பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடியேற்றம். எட்டு மணி என்றார்கள், எட்டே முக்காலுக்கு ஏற்றினார்கள். கயிறு சிக்கிக்கொண்டது. நான்தான் எடுத்துவிட்டேன். மிட்டாய் கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் பூங்காவனத்துக்குக் கொண்டுவந்தேன். முப்பது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், ஜேபியிலிருந்து வந்த மிட்டாயைச் சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

பிறகு முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டம். தலைவர் சுபேதார் ஏகாம்பரம் ஒரு யோசனை சொன்னார். நம் ஊரிலிருந்து போருக்குப் போனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்த வேண்டும். முதல் உலகப்போருக்கே ஆறு பேரை அனுப்பிய ஊர் இது. எல்லோரும் கைதட்டினோம். டிசம்பர் 16, எழுபத்தொன்றில் நாம் பாகிஸ்தானை ஜெயித்த நாள், அன்று திறப்பு.

பட்டியல் தயாரிப்பது செயலாளரான என் பொறுப்பு. விதி ஒன்றுதான். போரில் பங்கேற்றிருக்க வேண்டும், வெறுமனே படையில் இருந்தால் போதாது. அந்த விதியைச் சொன்னதும் நான்தான். எல்லோரையும் சேர்த்தால் பாதி ஊர் கல்லில் ஏறிவிடும்.

மாலை மகன் அரசு காஷ்மீரிலிருந்து போன் செய்தான். நான்கு நிமிடம். நன்றாக இருக்கிறானாம்.

19 ஆகஸ்ட், வியாழன்

பட்டியல் முடிந்தது. முதல் உலகப்போர் ஆறு, இரண்டாவது பதினொன்று, சீனச் சண்டை நான்கு, அறுபத்தைந்து ஏழு, எழுபத்தொன்று பன்னிரண்டு, கார்கில் ஒன்று. மொத்தம் நாற்பத்தொரு பெயர். எழுபத்தொன்றில் ஐந்தாவதாக நான்: ஹவில்தார் கு. முனிரத்தினம், சிக்னல்ஸ்.

பூங்காவனத்துக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, அரசு பேர் எங்கே என்றாள். அவன் போருக்குப் போகவில்லை, டியூட்டியில் இருக்கிறான், இரண்டும் வேறு என்று விளக்கினேன். போர் என்றால் அரசாங்கம் அறிவிக்கும், ரேடியோவில் பிரதமர் பேசுவார், எதிரியின் படை என்று ஒன்று எதிரே நிற்கும். காஷ்மீரில் அவன் செய்வது தீவிரவாதிகளைத் தேடுவது. ரோந்து மாதிரி. போலீஸ் வேலைக்குக் கொஞ்சம் மேலே.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் காம்பை முறத்தில் சேர்த்திருந்ததை மருமகள் மஞ்சுளாதான் பார்த்துச் சொன்னாள்.

27 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் கன்னியம்மாள் வந்தாள். கீழ்த்தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். அவள் ஒரே மகன் தணிகைவேல், அரசுவைப் பார்த்துத்தான் படையில் சேர்ந்தான். 2007இல் காஷ்மீரில் செத்துப்போனான். இருபத்திமூன்று வயது.

போட்டோவையும், அவன் அதிகாரி இங்கிலீஷில் அனுப்பிய கடிதத்தையும் கொண்டுவந்திருந்தாள். கல்லில் அவன் பெயர் வருமா என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விதியைச் சொன்னேன். கடிதத்தைப் பிரித்து, அவன் இறந்ததைச் சொல்லும் வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். இதில் போர் என்று எழுதவில்லை, ஆபரேஷன் என்றுதான் போட்டிருக்கிறது என்றேன்.

அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அத்தாங்க அவல்தாரே. ஆபரேஷன்ல செத்தான்னு நான் சொன்னா, இன்னா வயித்து ஆபரேஷனான்னு கேக்கறாங்க. சண்டையில செத்தான்னு சொன்னா, எந்தச் சண்டைன்னு கேக்கறாங்க. மூணு வருசமா நான் இன்னா பதில் சொல்றதுன்னே தெரியல."

ராணுவ பாஷையில் ஆபரேஷன் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். தலையாட்டினாள். விதி விதிதான் என்றும் சொன்னேன். அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நான் சொன்னது சரி. விதியைச் செயலாளரே மீறினால் சங்கம் எதற்கு?

மத்தியானம் பசி இல்லை. பித்தமாக இருக்கலாம்.

28 ஆகஸ்ட், சனி

நான் சொன்னது சரிதான்.

2 செப்டம்பர், வியாழன்

டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் செய்தி போனது: காஷ்மீரில் இரு வீரர்கள் பலி. கடைக்காரர் பாலை ஆற்றியபடியே ரிமோட்டை எடுத்து வடிவேலு காமெடிக்கு மாற்றினார். அவர் கெட்டவர் இல்லை. மழை வரும், வெயில் அடிக்கும், காஷ்மீரில் இரண்டு பேர் சாவார்கள். அவருக்கு அது அந்த வகைச் செய்தி. பெஞ்சில் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் டீயைக் குடித்தோம்.

பிறகு நடைப்பயிற்சி. பேருந்து நிறுத்தம் வரை. அங்கேதான் செல்போனுக்கு டவர் நன்றாகக் கிடைக்கும்.

5 செப்டம்பர், ஞாயிறு

அரசு பேசினான். ஆறு நிமிடம். இந்தக் குளிருக்கு எங்கள் காலத்துக் கம்பளியே மேல் என்றேன். சிரித்தான். மஞ்சுளா போனை வாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். மாடு விற்று இரண்டு வருடமாகிறது. அங்கே அவளுக்கு என்ன வேலை என்று பூங்காவனத்திடம் கேட்டதற்கு, உங்களுக்கு எதுதான் தெரிந்தது என்றாள்.

12 செப்டம்பர், ஞாயிறு

போன் இல்லை. மேலே போயிருப்பான். மலையில் டவர் கிடைக்காது. நடைப்பயிற்சி.

15 செப்டம்பர், புதன்

இரத்த அழுத்தம் 160. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். நடைப்பயிற்சி நல்லது என்றார் டாக்டர். செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

19 செப்டம்பர், ஞாயிறு

மழை. போன் இல்லை. நடைப்பயிற்சி.

(நான்கு முறை. நான் எழுதாவிட்டால் மஞ்சுளா சொல்லிவிடுவாள். குடையை மடக்கி வைப்பதற்குள் மறுபடி எடுக்கிறீர்களே மாமா என்றாள். கால் மரத்துப்போகிறது என்று சொன்னேன்.)

21 செப்டம்பர், செவ்வாய்

காலை பத்தரைக்கு மஞ்சுளாவின் போன் அடித்தது. இந்தியில் யாரோ பேசுகிறார்கள் என்று என்னிடம் கொடுத்தாள். அரசுவின் கம்பெனி அதிகாரி. இளம் குரல். முதலில் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னார், பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நல்ல அதிகாரி. ஒற்றையடிப் பாதையில் கண்ணிவெடி. முன்னால் போனவன் இறந்துவிட்டான். அரசுவுக்கு இடது தொடையிலும் தோளிலும் சிதறல்கள், ஒரு காதில் செவிப்பறை கிழிந்திருக்கிறது. ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் நின்றபடியே "யெஸ் சார், யெஸ் சார்" என்றுகொண்டிருந்தேனாம். மஞ்சுளா பிறகு சொன்னாள்.

அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அவளுக்குச் சொல்லாமல் முடியாது. பூங்காவனத்திடம் மட்டும், மலையில் வழுக்கி விழுந்துவிட்டான், காலில் அடி என்றேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் அதையே சொல்லச் சொன்னேன். வழுக்கி விழுந்ததற்கா ஹெலிகாப்டர் என்று அவள் கேட்கவில்லை, ஹெலிகாப்டர் பற்றி நான் சொல்லவில்லையே. ஆனால் எழுந்து போய் அரிசி களைந்து உலை வைத்தாள். காலையிலேயே சமைத்து முடித்த சாதம் அடுக்களையில் இருந்தது. இரண்டாவது முறையாக வடித்தாள்.

3 அக்டோபர், ஞாயிறு

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். கத்திப் பேசுகிறான், தன் குரல் தனக்கே கேட்கவில்லையாம். நான் புறப்பட்டு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் நைனா, நானே வந்துவிடுவேன் என்றான்.

யார் கேட்டாலும் வழுக்கி விழுந்தான் என்றே சொல்லி வருகிறேன். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. சுலபமாக இருக்கிறது.

11 நவம்பர், வியாழன்

அரசு வந்தான். இரண்டரை மாத மருத்துவ விடுப்பு. காட்பாடியிலிருந்து ஆட்டோ. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். இளைத்திருக்கிறான். அவன் அம்மா ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்ற மறந்து நின்றாள். மஞ்சுளாதான் தட்டை வாங்கிச் சுற்றினாள்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, வேர்க்கடலைத் துவையல், முட்டைப் பொரியல். மூன்று முறை சோறு வாங்கினான். எனக்கும் சொல்லாமல் ஒரு கரண்டி சோறு அதிகம் விழுந்தது.

14 நவம்பர், ஞாயிறு

பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இப்போது சண்டை ஒன்றும் இல்லையே தம்பி, எப்படி அடிபட்டது? அரசு எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்கிறான், மலையில் வழுக்கிவிட்டது என்று. நாட்டு வைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் சுளுக்கு எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அரசு நன்றி சொல்லி அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு, ஏன்டா அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்கதான நைனா அப்படிச் சொல்லி வெச்சிருக்கீங்க. நான் வேற மாதிரி சொன்னா உங்க பேச்சு பொய்யாயிடாதா?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

28 நவம்பர், ஞாயிறு

கல்வெட்டுக்காரர் பெயர்களைத் தாளில் எழுதி, சரிபார்க்க அனுப்பியிருந்தார். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'போர் கண்ட நம் ஊர் வீரர்கள்'. எழுத்துப் பிழை பார்க்க அரசுவிடம் கொடுத்தேன். கேட்கும் காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டு பொறுமையாகப் படித்தான். ஒரு இடத்தில் 'ர்' விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தான். பிறகு, தணிகை பேர் இல்லையே என்றான்.

விதியைச் சொன்னேன். கன்னியம்மாள் வந்துபோனதையும் சொன்னேன். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

"அவன மலையிலேர்ந்து கீழ தூக்கிக்கினு வந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன் நைனா."

மூன்று வருடமாக எங்கள் யாருக்கும் தெரியாது. தணிகை இருந்தது பக்கத்துக் கம்பெனி. ஒரு வீட்டுக்குள் இரண்டு தீவிரவாதிகள் புகுந்துகொண்டார்கள். வீட்டுக்காரர்களும் உள்ளே. காலையிலிருந்து சுற்றி நின்றார்களாம். மத்தியானம் பெண்களும் பிள்ளைகளும் வெளியே ஓடிவந்தார்கள். நடக்க முடியாத ஒரு கிழவர் மட்டும் உள்ளே. தணிகை போய் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தான். வாசல் தாண்டும்போது சுட்டார்கள். கிழவர் பிழைத்துக்கொண்டார்.

நான் ஏதோ சொல்ல வேண்டுமே என்று, அவன் வீரன்தான், யார் இல்லையென்றார்கள், ஆனால் போர் என்றால் என்று ஆரம்பித்தேன். அரசு என்னை முடிக்க விடவில்லை. என் பேச்சில் அவன் குறுக்கிட்டது இதுதான் முதல் தடவை.

"உங்க போரு பதினாலு நாள் நைனா. அவங்க சரணடைஞ்சாங்க, நீங்க வீட்டுக்கு வந்தீங்க, ஊரே வந்து மால போட்டுது. நான் ரெண்டு தடவையா அஞ்சு வருசம் இருந்துட்டேன். எங்ககிட்ட யாரும் சரணடையல. எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. லீவுல வந்தா, சண்டையே இல்லையே உனக்கு இன்னா வேலைன்னு கேக்கறாங்க."

தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சொன்னான்.

"அத்த போருன்னு சொல்றதுக்கு எனக்கே பயமாத்தான் கீது. போருன்னு சொல்லிட்டா அங்க இருக்கற ஜனமெல்லாம் எதிரின்னு ஆயிடும். அந்தக் கிழவர் எதிரியா? ஆனா தணிகை செத்தது போர்லதான். ரெண்டையும் சேத்து எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல நைனா."

கன்னியம்மாளிடம் போய்ச் சொன்னாயா என்று கேட்டேன். ஒவ்வொரு லீவிலும் அவள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனதாகச் சொன்னான்.

இதையும் எழுதிவிடுகிறேன். எழுபத்தொன்றில் நான் சிக்னல்ஸ் லைன்மேன். போன் கம்பி இழுத்துக்கொண்டே போனேன். குண்டு விழுந்து கம்பி அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போடுவேன். அந்தப் பதினாலு நாளில் என் துப்பாக்கி ஒரு முறைகூடச் சுடவில்லை. வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் சால்வை போடும்போது இதை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

2 டிசம்பர், வியாழன்

அரசு காலை பத்து மணிக்குக் கன்னியம்மாள் வீட்டுக்குப் போனான். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு நான் அந்தப் பக்கமாக நடைப்பயிற்சி போனேன். கதவு திறந்திருந்தது. அவள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, பீடி இலையை அளவு வைத்து வெட்டிக்கொண்டிருந்தான். பேச வேண்டியதைப் பேசி முடித்திருப்பார்கள்.

வந்து மஞ்சுளாவிடம் சொன்னானாம்: அந்தக் கிழவருக்கு இப்போது எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாரா என்று கன்னியம்மாள் கேட்டாளாம்.

5 டிசம்பர், ஞாயிறு

சங்கத்தின் அவசரக் கூட்டம். நானே கூட்டினேன். தணிகைவேல் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். விதியைச் சொன்னவன் நான், மாற்றச் சொல்கிறவனும் நான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஏகாம்பரம் எதிர்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மறைக்காமல் பேசினார். இன்றைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் பதினேழு பேர் வடக்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் எல்லோரும் டியூட்டிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு தூங்குகிறார்கள். போர் என்று கல்லில் வெட்டி வைத்தால் அந்தப் பதினேழு தாய்மார்களும் தினம் அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போக வேண்டும்.

"கல்லுல எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது முனிரத்தினம். தெரிஞ்சா தூக்கம் வராது. உனக்கே வரலியே, இப்ப வருதா?" என்றார்.

ஓட்டெடுப்பு. ஆதரவாக மூன்று, எதிராக ஐந்து. தீர்மானம் தோற்றது.

8 டிசம்பர், புதன்

என் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தணிகை பெயரை வெட்டச் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசனை. எழுத்தும் ஏறக்குறைய சமம். அரசுவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். உங்கள் பேர் இல்லையென்றால் அம்மா சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கல்லை உடைத்துவிடும் என்றான். உள்ளேயிருந்து, ஆமாம் என்று குரல் வந்தது.

அதோடு, கம்பி அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டதும் போர்தான் நைனா என்றான். நான் சுடவில்லை என்பதை அவனிடம் சொன்னதாக நினைவில்லை. படையை விட்டு வந்தபோது கொடுத்த என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் லைன்மேன் என்றிருப்பதைப் பள்ளிக்கூட நாளிலேயே படித்திருக்கிறானாம்.

16 டிசம்பர், வியாழன்

திறப்பு விழா. நூற்றைம்பது பேருக்குக் குறையாது. மெடல்களைப் பூங்காவனம் புளி போட்டுத் துலக்கியிருந்தாள். கல் நன்றாக வந்திருக்கிறது. தலைமையாசிரியர் திறந்துவைத்தார்.

எழுபத்தொன்றின் சார்பாக என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வழக்கமான பேச்சு ஐந்து நிமிடம், எனக்கு மனப்பாடம். அதைப் பேசவில்லை. அந்தப் போரில் நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, கம்பி இழுத்தேன் என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. பிறகு, என் மகன் வழுக்கி விழவில்லை, கண்ணிவெடியில் அடிபட்டான், நான் உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அப்புறம் தணிகைவேல். தேதி, வீடு, கிழவர், வாசல். எதையும் கூட்டவில்லை, அரசு சொன்னபடியே சொன்னேன்.

"கன்னியம்மா மகன் ஆஸ்பத்திரி ஆபரேஷன்ல சாகல. போர்ல செத்தான். எந்தப் போருன்னு கேட்டா, இப்ப நடக்குதே இந்தப் போரு. நம்ம புள்ளைங்க பதினேழு பேரு அதுலதான் கீறாங்க" என்று சொல்லி முடித்தேன்.

கைதட்டல் இல்லை. ஒரு குழந்தை அழுதது. ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவர், சாப்பாடு ஆறுகிறது என்று நினைவூட்டினார். எல்லோரும் எழுந்து போனார்கள். மூன்றாவது வரிசையில் கன்னியம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். போய் எதிரே நின்றேன். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சாப்பிடப் போங்க அவல்தாரே, கூட்டம் சேர்ந்துவிட்டால் இலை கிடைக்காது என்றாள்.

பந்தியில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் மகன் எங்கே இருக்கிறான் என்று ஊர்ப் பெயரைச் சொல்லி, அது எப்படிப்பட்ட இடம் என்று கேட்டாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. கை கழுவுவதற்குள் ஐந்து பேர். தெரிந்ததைச் சொன்னேன். ஏகாம்பரம் சொன்னதும் சரிதான்.

17 டிசம்பர், வெள்ளி

பூங்காவனம் காலையிலிருந்து பேசவில்லை. கண்ணிவெடி விஷயத்தை மறைத்ததற்குத்தான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க போன்ல யெஸ் சார் யெஸ் சார்னு சொன்னப்பவே உங்க மூஞ்சியப் பாத்தேன். வழுக்கி விழுந்தான்னு சொன்னீங்க. அப்படிச் சொல்லிக்கினா உங்களுக்குக் கொஞ்சம் தேவலையா இருந்தா இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

பிறகு எதற்குக் கோபம் என்றேன். அத்தனை பேர் நடுவில் சுடவே இல்லை என்று சொல்லிக்கொள்வதா, அதற்கா நான் மெடலைத் துலக்கினேன் என்றாள். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டாள். முருங்கைக்கீரை அடை.

3 ஜனவரி 2011, திங்கள்

ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார். அவர் இங்கே வருவது அபூர்வம். காப்பி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். எழுந்து செருப்பு மாட்டும்போதுதான், கல்லின் பின்பக்கம் வழவழப்பாகக் காலியாக இருக்கிறது, ஒரு பெயர் வெட்ட இடமிருக்கிறது என்றார். எதிர்த்து ஓட்டுப்போட்ட ஐவரில் மூன்று பேரிடம் பேசிவிட்டாராம். தலைப்பு என்ன போடலாம் என்று கேட்டேன்.

"தலைப்பு வேணாம். பேரு, வருசம், அவ்வளவுதான். படிக்கறவன் இன்னான்னு வேணா நெனச்சிக்கட்டும். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

போதாது என்று வாய்வரை வந்தது. சரி என்றேன். கன்னியம்மாளிடம் அவரே போய்ச் சொல்வதாகச் சொன்னார்.

13 ஜனவரி, வியாழன்

விடுப்பு முடிந்ததும் அரசு யூனிட்டுக்குப் போக வேண்டும். மெடிக்கல் போர்டு பார்த்த பிறகுதான் மலைக்கு அனுப்புவார்கள். கீழேயே ஸ்டோரில் வேலை கொடுத்தால் இருந்துவிடேன் என்றேன். என் கம்பெனிப் பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள் நைனா என்றான். அவன் வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கல்லின் பின்பக்கம் வேலை முடிந்துவிட்டது. ப. தணிகைவேல், 2007. கன்னியம்மாள் வந்து விரலை எழுத்தின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கேட்டாள். காட்டினேன்.

20 ஜனவரி, வியாழன்

அரசு கிளம்பினான். வழக்கமாக அவன் தனியாகத்தான் போவான். டியூட்டிக்குப் போகிறவனுக்கு எதற்கு ஸ்டேஷன் வரைக்கும் ஆள் என்று நான்தான் சொல்லிச் சொல்லி அப்படிப் பழக்கிவைத்தேன். இன்று ஆட்டோவில் அவன் மூட்டை ஏறுவதற்கு முன் பூங்காவனம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மஞ்சுளாவும் ஏறினாள். எனக்கு டிரைவர் பக்கத்தில் அரை இடம்.

காட்பாடியில் முதல் பிளாட்பாரம். ஒரு மணி வண்டி இருபது நிமிடம் தாமதம். பூங்காவனம் புளிசாதத்தை எந்த ஊர் தாண்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று மூன்று முறை சொன்னாள். மஞ்சுளா அவன் கேட்கும் காதின் பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் பூங்காவனமும் எடை பார்க்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வண்டி நுழைந்ததும் அரசு காலில் விழக் குனிந்தான். தொடையில் தையல் இழுக்கும் என்று பாதியிலேயே பிடித்து நிமிர்த்திக் கட்டிக்கொண்டேன். அவனை நான் கட்டிக்கொண்டு எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை.

அவன் ஏறின பெட்டிக்கு எதிரே ஒரு பெரியவர், பேத்தியை வழியனுப்ப வந்தவர் போல. தம்பி எங்கே போகிறார் என்று சும்மா கேட்டார். பூங்காவனம் என்னைப் பார்த்தாள். மஞ்சுளாவும் பார்த்தாள்.

"போருக்குப் போறான்" என்றேன்.

பெரியவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எந்தப் போர் என்று அவர் கேட்கவில்லை. கையெடுத்து ஜன்னல் பக்கம் கும்பிட்டார். அரசு உள்ளேயிருந்து பதிலுக்குக் கும்பிட்டான். 1.25க்கு வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி வளைவு திரும்பும்வரை நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். பூங்காவனம் அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவள் முந்தானையால் முதலில் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.